மேஜரின் கொயினா வரிசை

போன கிழமை கம்பளை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவன், கெலிஓயாவைத் தாண்டி எங்கள் பழைய ஊர் வளைவில் இறங்கிவிட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது, நீட்டி மடக்க ஓர் இடம் தேவைப்பட்டது. இறங்கிப் பார்த்தால், முன்பு ஊர்ச் சபையின் கந்தோர், அதாவது அலுவலகம், இருந்த மூலையில் புதிதாக ஒரு கருங்கல் நிற்கிறது. ஆளுயரக் கல். மூன்று மொழியிலும் எழுத்து வெட்டி, வெட்டிய பள்ளத்தில் வெள்ளைச் சாயம் தீட்டியிருக்கிறார்கள். எங்கள் மேஜருக்கு நினைவுக் கல்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றையும் வாசித்தேன். படையில் வாங்கிய பதக்கங்கள், சபைத் தலைவராக இருந்த வருஷங்கள், கட்டிய பாலம், வெட்டிய கழிவுநீர்க் கான் எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசி வரியில், மலேரியாக் காலத்தில் இந்தப் பட்டினத்தைக் காத்தவர் என்று போட்டிருந்தது. அவருடைய முழுப் பெயரும் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மனிதருக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததே எனக்கு ஞாபகம் வந்தது. எங்களுக்கு அவர் மேஜர். பெண்சாதி பிள்ளைகளுக்கும் அவர் மேஜர்தான் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

பஸ்ஸுக்கு நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று என்னிடம், "அப்பா, இவரு வெள்ளக்காரரா?" என்று கேட்டது. "இல்ல மகள், பறங்கி. வெள்ளக்காரர் வழி, ஆனா கண்டியிலேயே பிறந்தவர்" என்று சொல்லி, சரி, பிடிபட்டது ஒரு ஆள் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. பிள்ளை தப்பிவிட்டது. நீங்கள் அகப்பட்டுக்கொண்டீர்கள்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கடைசி வரியை வாசித்தவுடன் என் நாக்கு கசந்தது. மலேரியாவுக்குக் கொடுத்த கொயினா மருந்தின் கசப்பு. அதைக் குடித்தவர்களுக்குத்தான் தெரியும். உள்நாக்கில் போய் உட்கார்ந்துகொண்டு, அடுத்த நாள் தேத்தண்ணி வரைக்கும் இறங்காது. சீனி போட்டாலும் போகாது, கருப்பட்டி கடித்தாலும் போகாது. அந்தக் கசப்பைப் பீப்பாய்க் கணக்கில் கலக்கினவன் நான். சபை நடத்திய சிறிய மருந்துச்சாலையில் டிஸ்பென்சர். இருபத்திரண்டு வயது. கறுப்புக் கோட்டு ஒன்று, அதற்குப் பொருந்தாத வெள்ளைக் காற்சட்டை ஒன்று, மருந்து அலுமாரிச் சாவி ஒன்று. அந்தச் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு நான் நடந்த நடையை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். மற்ற ஆறு நாளும் நானே டாக்டர் என்று என் எண்ணம்.

மேஜரைப் பற்றிச் சொல்லவேண்டும். முதல் யுத்தத்தில் மதராஸ் பட்டாளத்தோடு மெசப்பொத்தேமியாவுக்குப் போனவர். அங்கே இடது கையில் இரண்டு விரலை விட்டுவிட்டு, பதிலுக்குத் தமிழைக் கொண்டுவந்தார். சிப்பாய்களிடம் படித்த தமிழ். அதில் 'நீ' மட்டும்தான் உண்டு, 'நீங்கள்' கிடையாது. ஊரில் பெரிய துணிக்கடை முதலாளி, ஹஜ்ஜுக்குப் போய்வந்த மனிதர், அவரையும் ஒரு நாள் நடுத்தெருவில் நிறுத்தி, "நீ வா. உன் கடைக் கான் நாறுது. நாளைக்குக் காலைல நான் பாப்பேன்" என்று சொல்லிவிட்டார். முதலாளி மூன்று நாள் வெளியே வரவில்லை. ஆனால் கான் அன்று பின்னேரமே துப்புரவாகிவிட்டது. கோபிக்கவும் முடியாது. ஏனென்றால் அரசாங்கக் கச்சேரி அதிகாரிகளிடமும் அவர் அதே 'நீ'தான் போடுவார் என்று சொல்வார்கள். அதை நேரில் பார்க்க எனக்கு ரொம்ப ஆசை, கடைசிவரை கிடைக்கவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. மகாவலி வற்றி, பாறைக்குப் பாறை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. பிள்ளைகள் ஆற்றுக்குள்ளே நடந்து அக்கரைக்குப் போய் வந்தார்கள்; எங்களுக்கெல்லாம் அது ஒரு வேடிக்கை. குட்டைகளில் நுளம்பு என்கிற கொசு பெருகியது. பிறகு காய்ச்சல் வந்தது. ஒரு வீட்டில் ஒருவர் என்று தொடங்கி, வீட்டில் எழுந்து தண்ணீர் வைக்க ஆள் இல்லை என்ற நிலைக்கு இரண்டு கிழமையில் வந்துவிட்டது. குளிர் காய்ச்சல். பல்லோடு பல் அடிக்கும், ஐந்து பாய் போட்டு மூடினாலும் நடுக்கம் நிற்காது. பிறகு வேர்த்துக் காய்ச்சல் விட்டுவிடும். அடுத்த நாள் மனிதர் எழுந்து கடைக்குப் போவார். அதற்கடுத்த நாள் மறுபடியும் நடுக்கம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் இந்தக் கள்ளத்தனம்தான் ஆட்களைக் கொன்றது. நல்ல நாளில் எல்லாரும் சுகமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

மேஜர் ஆற்றில் இறங்கிக் குட்டைகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றவைத்தார். கொயினாவுக்கு ஒரு வரிசை போட்டார். காலை எட்டு மணிக்கு, கந்தோர் முன்னால், காய்ச்சல் உள்ளவர் இல்லாதவர் எல்லாரும் வரவேண்டும். கறுப்பையா தப்படித்துக் கூப்பிடுவான். இந்தக் கறுப்பையா ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து சபையில் கான் வெட்டும் வேலையில் சேர்ந்தவன். "மேல தோட்டத்துல இந்தக் காய்ச்சலே கெடையாதுங்க. பொழைக்க எறங்கி வந்தோம், இங்க சாகப் பாக்குது" என்று என்னிடம் தினமும் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் குடிப்பான்.

மேஜருக்கு இரண்டு சட்டம். ஒன்று, மருந்தை அவர் கண்முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டவேண்டும். போத்தலில் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. இரண்டு, வரிசை ஒன்றுதான். ஊர் அதிகாரியான முதலியாரின் வீட்டு அம்மா கறுப்பையாவுக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன். வேலைக்காரியிடம் மருந்தை அனுப்பும்படி அவர் மூன்று தரம் ஆள் அனுப்பினார். மேஜர் மூன்று தரமும் ஒரே பதில்தான் சொன்னார். "வாய் அவளோடது. வாய் வரணும்."

பேராதனைச் சந்தியில் கொயினாப் பெட்டி வரும் ரயிலுக்காக நானும் அவரும் ஒரு நாள் காத்திருந்தோம். பல்கலைக்கழகம் வராத பேராதனை அது. ரயில் போனால் தவளைச் சத்தம் கேட்கும். அங்கே வைத்துத்தான் அந்தச் சட்டத்தின் கதையைச் சொன்னார். பாலைவன முகாமில் சிப்பாய்களுக்குக் கொயினா கொடுத்தார்களாம். கசப்புக்குப் பயந்து பையன்கள் கன்னத்தில் அடக்கி, கூடாரத்துக்குப் பின்னால் போய்த் துப்பியிருக்கிறார்கள். "குடிச்சேன் சார்னு சொன்னான். நான் நம்பினேன். நம்பி, நெறைய பேரைப் புதைச்சேன். இனி நான் நம்ப மாட்டேன். பாப்பேன்." சொல்லிவிட்டு ரயில் வரும் திசையைப் பார்த்தபடி நின்றார். நான் பெட்டி தூக்கும் கூலியாட்களைத் தேடுவதுபோல் நழுவினேன்.

இப்போது என் தாத்தாவைப் பற்றி. உடனே வெள்ளைத் தாடியை நினைக்காதீர்கள். கண்டிப் பக்கத்து முஸ்லிம்கள், சோனகர் நாங்கள், மூத்த சகோதரியைத் தாத்தா என்போம். யாழ்ப்பாணத்து நண்பர்கள் இதைக் கேட்டு எத்தனையோ தரம் சிரித்திருக்கிறார்கள். வாப்பாவும் உம்மாவும் நேரத்தோடு போய்விட்டதால், என்னை வளர்த்தது அவள். அவள் புருஷன், மச்சானும், கலியாணம் முடித்து மூன்றாம் வருஷம் மவுத்தாகி அவளைத் தனியாக விட்டுவிட்டார். பிள்ளை இல்லை. பள்ளிவாசல் தெருவில் பெரிய முற்றம் வைத்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளுக்கு என்னை விடப் பன்னிரண்டு வயது கூட. வாய் நூறு வயது கூட. என் சாவி நடையைப் பார்த்து, "தொரை வாறார், வழி உடுங்கோ" என்று ஆட்டுக்குட்டியிடம் சொல்வாள்.

காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது நோன்பு மாதம் பிறந்தது. எங்கள் தெரு ஆட்கள் காலை வரிசைக்கு வருவது சட்டென்று நின்றது. நோயாளி நோன்பை விடலாம், பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று தொழுகை நடத்தும் லெப்பை பள்ளிவாசலில் எடுத்துச் சொன்னார். கேட்டார்கள். காய்ச்சல் அடிக்கிற நாளில் விட்டார்கள். ஆனால் நல்ல நாளில்? நல்ல நாளில் தங்களை நோயாளி என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. மருந்து குடிக்கவேண்டியதோ அந்த நல்ல நாளில்தான். எட்டு மணிக்கு மேஜர் முன்னால் போய்க் குடித்தால் நோன்பு முறியும். மருந்தை வாங்கிப்போய், நோன்பு திறக்கும் மஃரிபு நேரத்துக்குக் குடிக்கலாம் என்றால் மேஜர் கொடுக்கமாட்டார். இரண்டு பக்கமும் அசையவில்லை. பத்து நாளில் எங்கள் மையவாடியில் புதிய புதைகுழி மேடுகள் எழும்பின.

தாத்தாவுக்கும் வந்தது. ஒரு நாள் நடுக்கம், ஒரு நாள் நோன்பு. மூன்றாவது சுற்றில் அவள் கண் மஞ்சளாகிவிட்டதைப் பார்த்து நான் பயந்துபோனேன். அன்று பகல், சாவி கையில் இருக்கும் எவனும் செய்வதை நானும் செய்தேன். ஒரு சின்னப் போத்தலை நிரப்பி, வேளைக்கு ஒரு கோடு வெட்டிய காகிதத்தைப் பக்கத்தில் ஒட்டி, கறுப்புக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் நீட்டினேன்.

அவள் போத்தலைப் பார்த்தாள். "மேஜருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எதிர்வீட்டுக்குக் குடுத்தியா? பள்ளிக்குப் பின்னால ஈக்கிறவங்களுக்கு?"

"தாத்தா, நீங்க முதல்ல குடிங்கோ."

"எனக்கு மட்டும் கள்ளமா கொணந்தா எனக்கு வாணாம். கொணர்றதுன்டா தெருவுக்கே கொணா." அவள் போத்தலை என் பக்கம் தள்ளிவிட்டாள். "அந்த மனிசனுக்கு என்ன வேணும்? எல்லாரும் ஒரே வரிசையில நிக்கோணும், அவர் பாக்கோணும். அவ்வளவுதானே? வரிசைய பொழுது சாயக்கொள்ள வெச்சா அவருக்கு என்ன கொறஞ்சி போகுது? போய்க் கேளு."

இந்த யோசனையை எத்தனையோ வருஷமாக என்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். கலியாண வீடுகளிலும் ஓய்வு பெற்ற அன்றைய பிரசங்கத்திலும் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்கிறேன், அது அவளுடையது.

மறுநாள் மேஜர் முன்னால் போய் நின்றேன். முதலில் அந்தப் போத்தலை மேசையில் வைத்து, எடுத்ததை ஒப்புக்கொண்டேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். சொன்னேன் என்பது பெரிய வார்த்தை. பாதியைத்தான் சொல்லி முடித்தேன்.

"ஒருத்தனுக்கு ஒரு டைம் குடுத்தா, நாளைக்கு முதலியார் வீட்டுக்கு ஒரு டைம் கேப்பான். வரிசை ஒடஞ்சு போகும். முடியாது" என்றார்.

"ஒருத்தருக்கு இல்ல ஸேர். எல்லாருக்கும். முழு வரிசையையும் மஃரிபுக்கு மாத்துங்கோ. பள்ளி முன்னால வைங்கோ. நீங்களே வந்து பாருங்கோ."

நான் அலுமாரிச் சாவியைக் கழற்றிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தேன். "மாத்தாட்டி எனக்கு இந்த வேலை ஏலா ஸேர். எங்கட தெருவுல செத்தவங்கட ஜனாஸா தூக்க ஆள் இல்ல."

மேஜர் என்னைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். இரண்டு விரல் இல்லாத கையால் சாவியை என் பக்கம் தள்ளினார். "பொழுது எத்தனை மணிக்குச் சாயும்?"

"பாங்கு சொல்லும்போது, ஸேர்."

"மணி கேட்டேன்."

"அது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மாறும் ஸேர். பள்ளி மோதினார்தான் பாத்துப் பாங்கு சொல்லுவார்."

ஒரு மோதினாருடைய வாயைப் பார்த்துத் தன் வேலையைத் தொடங்கவேண்டும் என்பது அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

அன்று பின்னேரம் கறுப்பையா ஊரெல்லாம் தப்படித்தான். பள்ளிவாசல் மதிலுக்கு வெளியே மேசை போட்டோம். முதலில் ஐந்தாறு பேர், பிறகு தெருவே நிரம்பிவிட்டது. தொப்பி போட்டவர்கள், திருநீறு பூசினவர்கள், சாரம் கட்டிய சிங்கள விவசாயிகள், குடையோடு முதலியார் வீட்டு அம்மா என்று அத்தனை பேரும் ஒரே வரிசையில். ஆளுக்கு ஒரு அவுன்ஸ் கிளாஸ் மருந்து கையில். ஒருவரும் குடிக்கவில்லை. நோன்பு பிடித்தவர்கள் நிற்க, பிடிக்காதவர்கள் முன்னால் குடிப்பது மரியாதையில்லை என்று நினைத்தார்களோ என்னவோ, அவர்களும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மேஜர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, மோதினார் ஏறி நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாங்கு எழும்பியது. முதலில் ஒரு பேரீச்சம்பழம், அடுத்தது கொயினா, அதற்குப் பிறகு நோன்புக் கஞ்சி. எத்தனையோ முகம் ஒரே நேரத்தில் சுளித்தது. மேஜர் வரிசை வழியே நடந்தார். "வாய் தெற. சரி. வாய் தெற. சரி." லெப்பையையும் விடவில்லை. அன்றைக்கு எனக்கு வந்த அழுகையை மருந்து வாடையின்மேல் போட்டேன்.

எங்கள் தெருப் பெண்கள்தான் மிச்சம். முன்பெல்லாம் காலையில் மருந்துச்சாலைப் பின் வாசலால் வருவார்கள், சபை மருத்துவிச்சி பார்த்துக் கொடுப்பாள். இப்போது அவளே காய்ச்சலில் கிடந்தாள். ஆண்கள் வரிசையில் எங்கள் பெண்கள் நிற்கமாட்டார்கள். மேஜர் பார்க்காமல் மருந்து கொடுக்கமாட்டார். மறுபடியும் முட்டுக்கட்டை. தாத்தாதான் எங்கள் முற்றத்தைத் திறந்துவிட்டாள். மேஜர் எங்கள் வாசலுக்கு வந்து திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றார். அவள் அந்தப் பக்கம்.

"யார் பாக்கிறது?" என்றார்.

"நான் பாக்கிறேன். நீங்க மத்தவங்களப் பாக்கிற மாதிரியே பாப்பேன்" என்றாள்.

மேஜர் அந்தச் சீலையைப் பார்த்தார். நம்பமாட்டேன், பார்ப்பேன் என்ற மனிதர். கடைசியில், "சரி. அவங்க பாக்கட்டும்" என்று என்னிடம் சொன்னார். அவர் வாயில் நான் கேட்ட முதல் 'அவங்க' அதுதான்.

அன்று முதல் ஒவ்வொரு பொழுதுபட்டும் நான் ஒரு பெரிய போத்தலைப் பெயர்ப்பட்டியலின்படி அளந்து எங்கள் முற்றத்துக்கு அனுப்புவேன். ஆண்கள் வரிசை முடிந்ததும் மேஜர் வந்து திரைக்கு முன்னால் நின்று, "எல்லாரும் முழுங்கியாச்சா?" என்பார். "முழுங்கியாச்சு. என்ட கண்ணால பாத்தேன்" என்று உள்ளேயிருந்து பதில் வரும். அவர் தன் குறிப்புக் கொப்பியில் ஒரு கோடு போடுவார். தாத்தாவும் தேறி வந்தாள். நோன்பின் கடைசிப் பத்தில் குரல் பழையபடி கணீரென்று ஆகிவிட்டது. முற்றத்தில் முகத்தைச் சுளித்துத் துப்பப் பார்த்த ஒரு பெண்ணின் தாடையை அவள் பிடித்துக்கொண்டு நின்ற கதையைத் தெருவே சொல்லிச் சிரித்தது.

பெருநாள் வந்தது. அடுத்த நாளிலிருந்து வரிசை பழையபடி காலை எட்டு மணி என்று மேஜர் சொன்னார். கறுப்பையா தப்படித்தான், ஆட்கள் வந்தார்கள், கிளாஸை வாங்கினார்கள். கறுப்பையாவும் அவன் ஆட்களும் மட்டும் குடிக்காமல் நின்றார்கள்.

"குடி" என்றார் மேஜர்.

"பாங்கு சொல்லட்டுங்க" என்றான் கறுப்பையா.

"நோம்பு முடிஞ்சது. இந்த நேரத்துல பாங்கு கெடையாது."

"பாங்கு சொன்னப்புறம் குடிச்சுத்தானுங்க எங்களுக்குக் காய்ச்சல் வுட்டுச்சு. வெறும் மருந்து முன்னாடியும் குடிச்சோம், என்னத்தக் கண்டோம்? நாங்க சாயங்காலம் வாறோங்க."

பின்னால் நின்ற சிங்கள ஆட்களும் கிளாஸை மேசையில் வைத்துவிட்டார்கள். கந்தோர் கதிரையில் இருந்த நான் சிரிப்பை அடக்க அலுமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டேன். மேஜர் கடைசியில் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எத்தனையோ சண்டைகளில் நின்ற மனிதர், கறுப்பையாவிடம் தோற்றார். வரிசை பொழுதுபட்டுக்கே திரும்பியது. காய்ச்சல் ஊரைவிட்டுப் போகும்வரை ஐயர் வீடு, ஊர்த்தலைவர் ஆராச்சி வீடு எல்லாம் மோதினாருடைய குரலுக்குத்தான் கொயினா குடித்தது.

இந்தச் சிரிப்பு அடங்கி நான்கு நாள் ஆகவில்லை, தாத்தா விழுந்தாள்.

இந்த முறை நடுக்கம் விட்டு விட்டு வரவில்லை. விடவே இல்லை. கண்டியிலிருந்து டாக்டரைக் கூட்டிவந்தேன். கொயினா ஒழுங்காகக் குடித்தவளுக்கு இப்படி வரக்கூடாதே என்று அவர் யோசித்தார். "தினமும் குடிச்சா டொக்டர், முற்றத்துல மத்தவங்களோட குடிச்சா" என்று நான் அடித்துச் சொன்னேன். தாத்தாவுக்கு நினைவு திரும்பவில்லை. மூன்றாம் நாள் பகல், லுஹர் தொழுகைக்கு முன்னால், போய்விட்டாள்.

மையத்து வீட்டில் எதிர்வீட்டு மாமி என்னைக் கூப்பிட்டு ஒரு பக்கமாக இருத்தினார். முற்றத்துக்கு நாள் தவறாமல் வந்தவர் அவர். "மகன், அவ மருந்து உன்ட அலுமாரியிலேருந்துதானே குடிச்சா?"

"இல்ல மாமி, உங்களோடதானே குடிச்சா."

மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். நோன்பின் நடுவில் ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து ஒரு பெண் கைப்பிள்ளையோடு முற்றத்துக்கு வந்திருக்கிறாள். ஊருக்குப் புதிது, பட்டியலில் இல்லாதவள். அன்று முதல் போத்தலில் ஒரு ஆளுக்குக் குறைந்திருக்கிறது; தாத்தா தன் பங்கை அவளுக்கு ஊற்றியிருக்கிறாள். எங்களிடம் உன் தாத்தா, என் தம்பி எனக்கு வீட்டில் தருகிறான் என்று சொன்னாள் என்றார் மாமி. என்னிடம் அவள் சொன்னது, முற்றத்திலேயே குடித்துவிட்டேன் என்று.

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. பட்டியலுக்கு வெளியே ஒருத்திக்கு மருந்து கிடைக்குமா என்று தாத்தா கேட்டாள். பேராதனைக்குப் பாதிப் பெட்டிதான் வந்திருந்த நாள். நான் களைத்துப்போய் இருந்தேன். "பட்டியல்ல பேர் இல்லாதவங்களுக்கு மருந்து இல்ல" என்று சொல்லிவிட்டேன். சாவியை ஆட்டிக்கொண்டு சொன்னேன். அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொடுத்திருப்பேனா தெரியாது.

மேஜர் வந்தார். உள்ளே வரவில்லை. வழக்கமாக நிற்கும் இடத்தில் திரைக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வெளியே போய் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டப்படி ஊரில் ஒவ்வொருவரையும் ஒருவர் பார்த்தோம். அவளை மட்டும் யாரும் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவர் முகம் எப்படி ஆனது என்று எழுத எனக்கு வரவில்லை.

அன்று பொழுதுபட வரிசை நடந்தது. நடக்கவேண்டும் என்று நான்தான் சொன்னேன். தாத்தாவை அடக்கிவிட்டு வந்து, அதே கறுப்புக் கோட்டோடு மருந்து கலக்கினேன். வரிசை முடிந்ததும் மேஜர் ஒரு கிளாஸை எடுத்து, எல்லாருக்கும் முன்னால் குடித்து, என்னிடம் வந்து வாயைத் திறந்து காட்டினார். "பாரு" என்றார். பார்த்தேன். பிறகு என் முறை. முற்றத்தில் எதிர்வீட்டு மாமியும் ஆற்றங்கரைப் பெண்ணும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். காய்ச்சல் ஒழியும்வரை அப்படித்தான் நடந்தது. பட்டியல் என்ற ஒன்றைக் கிழித்துவிட்டோம். மருந்து போதாத நாட்களில் மேஜர் தானே கச்சேரிக்குப் போய், பெட்டி வரும்வரை வாசலில் நின்றார். அதற்குப் பிறகு எங்கள் தெருவிலிருந்து இரண்டே ஜனாஸா.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் கந்தோரில் என்னைக் கூப்பிட்டார். கொப்பியை விரித்து வைத்திருந்தார். அதில் ஆண்களுக்குத்தான் பெயர். பெண்கள் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள். தாத்தாவின் இடத்தில் 'டிஸ்பென்சரின் சகோதரி' என்று இருந்தது.

"அவங்க பேரு என்ன?" என்றார். மூன்று கிழமைக்கு மேலாக ஒவ்வொரு பொழுதுபட்டும் திரைச்சீலையோடு பேசியவர், அன்றுதான் கேட்டார். சொன்னேன். பென்சிலால் எழுதினார். எழுத்து எழுத்தாக என்னிடம் கேட்டு, பிழையில்லாமல் எழுதினார்.

மேஜர் காலமாகி, அவர் பங்களாவை விற்றபோது கடுதாசிகளையெல்லாம் எடைக்கு நிறுத்து ஒரு கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டு ஓடினேன். அந்தக் கொப்பி ஏற்கெனவே யாருக்கோ சீனியும் மிளகாயும் சுற்றிப் போயிருந்தது. எங்கள் முற்றம் இருந்த இடத்தில் இப்போது றோட்டு போகிறது. மையவாடியின் ஆற்றோரப் பக்கத்தைப் பின்னாளில் வந்த பெருவெள்ளம் கல்லறை மீசான் கட்டைகளோடு இழுத்துக்கொண்டு போனது. அந்தப் பக்கத்தில்தான் அவள் இருந்தாள். முற்றத்தில் அவள் கையால் குடித்தவர்களில் கடைசியாக இருந்த ஆற்றங்கரைப் பெண்ணும் போன வருஷம் மவுத்தாகிவிட்டாள். ஆகவே அந்தப் பெயரை அறிந்த ஒரே ஆள் இப்போது நான்தான். எழுத்து எழுத்தாக எழுதுகிறேன். அவள் பெயர் ஆமினா உம்மா.